எல்லாருக்கும் திருப்தி, ஆனால் போன் ஓயவில்லை: வெப்சைட் கருத்துக்கணிப்பில் கோளாறு எங்கே?

வேலூர், காட்பாடி பக்கம் ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் வாட்ஸ்அப் குரூப்புகளில் கூகுள் ஃபார்ம் மழைதான். "ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க, ரெண்டு நிமிஷம்தான்." எம்.பி.ஏ. மாணவர்கள் ஒரு பக்கம், சத்துவாச்சாரியில் மாடி அறை பிடித்து வெப்சைட் செய்துகொடுக்கும் பையன்கள் இன்னொரு பக்கம். லாட்ஜ், ஸ்கேன் சென்டர், ஆம்பூர் தோல் செருப்புக் கடை என்று எந்தத் தளமாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: இந்த வடிவமைப்பு, பயன்படுத்துகிறவர்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா? பதில்கள் வந்து சேரும், எக்செல்லில் சராசரி போடுவார்கள். அங்கேதான் ஏதோ இடிக்கும்.

இடித்தவுடன் பதில் சொன்னவர் மேல் பழி போடுவது வழக்கம். "ஜனங்க ஒழுங்கா ஃபில் பண்றதில்ல சார்." என்னைக் கேட்டால் அவர்கள்தான் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியவர்கள். யார் கேட்டது, யாரிடம் கேட்டது, எப்போது கேட்டது, கேள்வி எப்படி இருந்தது, கணக்கு சரியாகப் போடப்பட்டதா என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, எல்லாம் தேறினால் மட்டும் அவர்களிடம் போகலாம்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்கு, பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏதோ ஒரு லாட்ஜின் அறை முன்பதிவுத் தளம் என்று வைத்துக்கொள்வோம். எதிலும் கை வைக்கும் முன் வந்த பதில்களை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தைத் தொடாதீர்கள், திருத்தமெல்லாம் நகலில்தான்.

அறிகுறி: எல்லோரும் 4, 5 போட்டிருக்கிறார்கள், ஆனால் ரிசப்ஷனுக்குப் போன் வந்தபடியே இருக்கிறது

அடிக்கடி வரும் கோளாறு இதுதான். பிடிபடாமல் போவதும் இதுதான், ஏனென்றால் யாரும் இதைக் கோளாறாகப் பார்ப்பதில்லை. ஓனருக்குச் சந்தோஷம், கைடு கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் தளத்திலேயே அறை காலியா என்று பார்க்க முடியும் என்றால், ஜனங்கள் ஏன் போன் போட்டு "ரூம் இருக்கா?" என்று கேட்கிறார்கள்?

முதலில், கேட்டது யார் என்று பாருங்கள். கவுண்டரில் மேனேஜரே டேப்லெட்டை நீட்டி "நம்ம வெப்சைட் எப்படி இருந்துச்சு, ஒரு ரேட்டிங் போடுங்க" என்கிறார். எதிரே நிற்பவர் கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்கியவர். வார்டில் அப்பா இருக்கிறார், கையில் டெஸ்ட் சீட்டு, மதியத்துக்குள் ரிப்போர்ட் வாங்கியாக வேண்டும். அவர் கட்டிய அட்வான்ஸ் அந்த மேனேஜரின் மேசை டிராயரில் இருக்கிறது. இன்னும் நாலு நாள் அறையை நீட்டித்துத் தரச் சொல்லவும் அதே ஆளிடம்தான் வர வேண்டும். அவர் 2 போடுவாரா? 5-ஐ அழுத்திவிட்டுப் படியேறிவிடுவார். உள்ளூர்க்காரராகவே இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டால் "நல்லாத்தான் கீது" என்றுதான் வரும். முகதாட்சண்யத்துக்கு எந்தப் புள்ளியியலிலும் திருத்தக் காரணி கிடையாது. கேட்கும் ஆளை மாற்றுவது ஒன்றே வழி. அறைக்குள் ஒரு க்யூ.ஆர். அட்டை வையுங்கள். பெயரும் வேண்டாம், அறை எண்ணும் வேண்டாம். மொத்தக் கணக்கு மட்டுமே நிர்வாகத்துக்குப் போகும் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். எழுதியபடி நடந்தும் கொள்ளுங்கள்.

அடுத்து, கேள்வியின் வடிவம். "இத்தளம் பயன்படுத்த எளிதாக உள்ளது: முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன் முதல் முற்றிலும் மறுக்கிறேன் வரை" என்ற பாணி அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. அதில் தப்பில்லை. ஆனால் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிற பழக்கம் மனிதருக்கு உண்டு, அதுவும் வாக்கியம் பாராட்டாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் வாக்கியத்தை எடுத்துவிட்டு நடந்ததைக் கேளுங்கள்: "உங்களுக்கு வேண்டிய தேதிக்கு அறை காலியா என்று கண்டுபிடிப்பது எப்படி இருந்தது?" 1 மிகக் கடினம், 7 மிகச் சுலபம். ஒரு வேலை முடிந்த கையோடு கேட்கும் இந்த ஒற்றைக் கேள்வி, 20 பொதுக் கேள்விகள் தராத தகவலைத் தரும். அதற்கு முன்னால் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்: எதற்காகத் தளத்துக்கு வந்தீர்கள், அது முடிந்ததா?

இப்போது பழைய திருப்திக் கேள்வியைச் சோதித்துவிடலாம். "முடியவில்லை" என்றவர்களை மட்டும் பிரித்தெடுத்து, அவர்கள் திருப்திக்கு எத்தனை போட்டார்கள் என்று பாருங்கள். அவர்களும் 4, 5 என்றால் உங்கள் கேள்வி மரியாதையை அளந்திருக்கிறது, தளத்தை அல்ல.

எல்லாம் சரிசெய்த பிறகும் மதிப்பெண் உயரத்திலேயே நிற்கிறதா? அப்படியானால் யாரிடம் கேட்டீர்கள் என்று பாருங்கள். அறையில் தங்கியிருப்பவரிடம் கேட்கிறீர்கள். அவர் எப்படியோ முன்பதிவு செய்து முடித்தவர். தேதி தேர்ந்தெடுக்கும் இடத்தில் திணறியவர், ஓ.டி.பி. வராமல் விட்டுப்போனவர் எல்லாம் இப்போது பக்கத்து லாட்ஜில் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் க்யூ.ஆர். அட்டையைப் பார்க்கவே போவதில்லை. அவர்களைப் பிடிக்க ஒரு செலவில்லாத வழி, அந்த ஓயாத போன்தான். ரிசப்ஷனில் இருப்பவர் ஒவ்வொரு அழைப்பிலும் "வெப்சைட்ல பார்த்தீங்களா? எந்த இடத்துல நின்னுபோச்சு?" என்று கேட்டு, ஒரு நோட்டில் கோடு போட்டு வரட்டும். ஒரு வாரக் கோடுகளைப் பார்த்தால் எந்தத் திரை பலரைத் துரத்துகிறது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: சராசரி சரியாக 3, என்ன எழுதுவதென்றே தெரியவில்லை

சராசரியை மறந்துவிட்டு, ஒவ்வொரு எண்ணையும் எத்தனை பேர் போட்டார்கள் என்று பட்டை வரைபடம் போடுங்கள். பாதிப் பேர் 5, பாதிப் பேர் 1 என்றாலும் சராசரி 3 தான். அப்படி இரண்டு மேடு தெரிந்தால் கைபேசி, கணினி என்று பிரியுங்கள், முதல் முறை வந்தவர், பழகியவர் என்று பிரியுங்கள். பெரும்பாலும் கைபேசியில்தான் விஷயம் இருக்கும். நடுவில் ஒரே மேடு என்றால், கேள்வி அவர்களுக்குச் சம்பந்தமில்லாதது. "பொருந்தாது" என்று ஒரு பதில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள்.

அறிகுறி: மேலிருந்து கீழ்வரை ஒரே எண்

15 வரிசை, 5 நெடுவரிசை உள்ள கட்டத்தைக் கைபேசியில் திறந்து பாருங்கள். கூகுள் ஃபார்ம் கட்டக் கேள்வி சின்னத் திரையில் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லும். கடைசி நெடுவரிசை இருப்பதே சிலருக்குத் தெரியாது. கட்டத்தை உடைத்துத் தனித்தனிக் கேள்விகளாக்குங்கள், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். எவ்வளவு நேரத்தில் நிரப்பினார் என்று பார்த்து வடிகட்டலாம் என்பார்கள், ஆனால் கூகுள் ஃபார்ம் அனுப்பிய நேரத்தை மட்டுமே பதிவு செய்யும், தொடங்கிய நேரத்தை அல்ல. ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வாக்கியங்களுக்கும் 5 போட்டவரை நீக்கலாம். நீக்கியவர் எத்தனை பேர், எந்த விதிப்படி என்று அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

அறிகுறி: சஸ் மதிப்பெண் 100-ஐத் தாண்டுகிறது, அல்லது எல்லாருமே 50-ஐச் சுற்றி நிற்கிறார்கள்

இது சுத்தமான கணக்குக் கோளாறு, அரை மணியில் தீர்ந்துவிடும். ஆனால் நம் பக்க ப்ராஜெக்ட் அறிக்கைகளில் எட்டிப் பார்க்காத வருடமே கிடையாது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

சஸ் என்பது ஜான் புரூக் 1986-இல், டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்தபோது உருவாக்கிய, பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் 10 வாக்கிய அளவுகோல் (SUS, System Usability Scale). அச்சில் வந்தது 1996-இல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 (முற்றிலும் மறுக்கிறேன்) முதல் 5 (முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்) வரை ஓர் எண் போட வேண்டும். 1, 3, 5, 7, 9 ஆகிய வாக்கியங்கள் தளத்தைப் புகழும். 2, 4, 6, 8, 10 குறை சொல்லும். ஆகவே ஒற்றைப்படை வாக்கியத்தில் போட்ட எண்ணிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படைக்கு 5-லிருந்து போட்ட எண்ணைக் கழிக்க வேண்டும். பத்தையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100-க்குள் விழும்.

ஒருவர் ஒற்றைப்படை எல்லாவற்றுக்கும் 4, இரட்டைப்படை எல்லாவற்றுக்கும் 2 போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 3 ஆகும், மொத்தம் 30, மதிப்பெண் 75. இரட்டைப்படையைத் திருப்பாமல் அதிலும் 1-ஐயே கழித்தால் 15-ம் 5-ம் சேர்ந்து 20, மதிப்பெண் 50. தளத்தை நன்றாக மதித்தவர் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் 50 பக்கம் குவிவது இதனால்தான். எதையுமே கழிக்காமல் நேரடியாகக் கூட்டிப் பெருக்கியவருக்கு, பத்துக்கும் 5 போட்ட ஆள் 125 ஆகிவிடுவார். இதில் ஒரு பொல்லாத்தனம் உண்டு: நம் 4, 2 ஆசாமியை இதே தப்பான வழியில் கூட்டினாலும் 30 பெருக்கல் 2.5, அதாவது 75 தான் வரும். தற்செயலாகச் சரியான விடை. ஆகவே ஒரு வரியை மட்டும் சோதித்துவிட்டு "ஃபார்முலா ஓகே" என்று சொல்லிவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் 5 போட்ட கற்பனை வரி ஒன்றை ஷீட்டில் சேர்த்துப் பாருங்கள். 50 வந்தால் கணக்கு சரி. 100 வந்தால் திருப்ப மறந்திருக்கிறீர்கள், 125 வந்தால் கழிக்கவே இல்லை.

கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பேக் ஆல்ஃபா மிகக் குறைவாகவோ மைனஸிலோ வருவதற்கும் இதே காரணம் இருக்கக்கூடும். 0.7 வரும்வரை எஸ்.பி.எஸ்.எஸ். புள்ளியியல் மென்பொருளில் ஒவ்வொரு கேள்வியாக நீக்கிக்கொண்டே போகும் பழக்கம் இங்கே இருக்கிறது. நீக்கும் முன் திருப்பினீர்களா என்று பாருங்கள்.

தமிழில் கேட்கும்போது இன்னொரு சிக்கல். "இத்தளம் தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது" என்பதற்கு "ஒப்புக்கொள்ளவில்லை" என்று பதில் சொல்ல வேண்டும். அவசரத்தில் இருப்பவர் அங்கே தடுக்கி விழுவார். பத்தையும் புகழும் வாக்கியங்களாகவே மாற்றிய வடிவம் ஒன்று உண்டு. ஜெஃப் சாரோவும் ஜேம்ஸ் லூயிஸும் 2011-இல் ஒப்பிட்டுக் காட்டியபடி அதன் மதிப்பெண் மூல வடிவத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. அதை எடுத்துக்கொள்ளலாம். அப்போது எல்லா வாக்கியத்திலும் 1-ஐக் கழித்தால் போதும், திருப்பும் வேலை இல்லை.

கடைசியாக, 70 என்றால் 70 சதவீதம் பேர் திருப்தி என்று எழுதாதீர்கள். அது சதவீதமே அல்ல. பலவகைத் தளங்கள், மென்பொருள்களின் சராசரி 68 என்று வழக்கமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேலா கீழா என்றே பேச வேண்டும்.

அறிகுறி: 384 பதில் வந்துவிட்டது, ஆனாலும் ஓனர் நம்ப மறுக்கிறார்

ஓனர் சொல்வதுதான் சரியாக இருக்கும். 384 எங்கிருந்து வருகிறது? 95 சதவீத நம்பிக்கை, இருபுறமும் 5 சதவீதப் பிழை, கூட்டம் மிகப் பெரியது என்று வைத்துப் போட்ட கணக்கு. பயன்படுத்துகிறவர்கள் மொத்தமே 500 பேர் என்றால் 217 போதும். ஆனால் இந்தக் கணக்கு முழுக்க, மாதிரி குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டது என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது. ஹாஸ்டல் குரூப்பில் லிங்க் போட்டு, நண்பனின் நண்பன் நிரப்பிய 384-க்கு அந்த 5 சதவீதப் பிழை பொருந்தாது. லாட்ஜில் ஒரு நாளும் தங்காத காட்பாடி மாணவர்கள், லாட்ஜ் தளத்துக்குக் கொடுத்த மதிப்பெண்ணை வைத்து ஓனர் என்ன செய்வார்?

எண்ணிக்கை காப்பாற்றாது என்பதற்கு அமெரிக்காவின் 1936 அதிபர் தேர்தல் பழைய சாட்சி. லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் சீட்டுகளை வைத்து லேண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். சீட்டு யாருக்குப் போனது, யார் திருப்பி அனுப்பினார்கள் என்பதில்தான் கோட்டைவிட்டார்கள்.

செய்ய வேண்டியது: முதல் கேள்வியே வடிகட்டியாக இருக்கட்டும். "கடந்த 3 மாதத்தில் இந்தத் தளத்தைத் திறந்தீர்களா? எதற்காக?" இல்லை என்றவருக்கு நன்றி சொல்லி அங்கேயே முடித்துவிடுங்கள், ஃபார்மில் பகுதி பிரித்தால் இதைச் செய்யலாம். தளத்துக்கு வருபவர்களில் ஒவ்வொரு பத்தாவது ஆளுக்கும் மட்டும் கேள்வி காட்டச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. அப்படிக் கிடைத்த 60 பதில், குரூப்பில் அள்ளிய 384-ஐவிட எனக்கு மேல்.

அறிகுறி: லிங்க் அனுப்பியாயிற்று, யாரும் நிரப்பவில்லை

வேறு யாருடைய போனிலாவது, உங்கள் கணக்கில் லாகின் ஆகாமல் திறந்து பாருங்கள். "ஒருவருக்கு ஒரு பதில்" என்ற அமைப்பை இயக்கினால் கூகுளில் உள்நுழையச் சொல்லும். பாதிப் பேர் அந்த வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். கோப்பு ஏற்றச் சொல்லும் கேள்வி இருந்தாலும் அதே கதைதான்.

பிறகு, கைபேசி எண் கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அதுவும் சிகிச்சைக்கு வந்தவரிடம், என்ன நோய் என்று தூண்டும் கேள்வியோடு? எடுத்துவிடுங்கள். வடிவமைப்பைப் பற்றிய ஆய்வுக்கு அது எதற்கும் உதவாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் கேட்டுத் தனிநபர் விவரம் வாங்குபவர் எதற்காக என்று சொல்லியாக வேண்டும், 18 வயதுக்குட்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். வாங்காமல் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

அறிகுறி: மொழிக்கு மொழி மதிப்பெண் எகிறுகிறது

வேலூரில் இது தவிர்க்க முடியாதது. லாட்ஜுக்கு வருபவர் வங்காளமோ இந்தியோ பேசுவார். ஆம்பூர், வாணியம்பாடிக் கடைத் தளம் என்றால் உருது வீடுகள், சித்தூர் எல்லைப் பக்கம் தெலுங்கு. ஃபார்ம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் பாதி வாடிக்கையாளரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டீர்கள். பல மொழியில் இருந்து மதிப்பெண் வேறுபட்டால், தளத்தில் வித்தியாசமா, கேள்வியில் வித்தியாசமா என்று முதலில் பிரிக்க வேண்டும். மொழிபெயர்த்த கேள்வியை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்துத் திருப்பி மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு மொழியிலும் நாலைந்து பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேள்வியைப் படித்ததும் மனதில் ஓடுவதைச் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். லாட்ஜ் வராந்தாவில் ஒரு டீ செலவில் முடிகிற வேலை. "வழிசெலுத்தல் திருப்திகரமாக உள்ளதா" என்று படித்துவிட்டு ஒருவர் "ஆட்டோக்காரரப் பத்திக் கேக்கறீங்களா?" என்றால், கேள்வியை மாற்ற வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. அதுவரை எல்லா மொழிகளையும் சேர்த்து ஒரே சராசரி போடாதீர்கள்.

அறிகுறி: "டிசைன் சூப்பர்" என்கிறார்கள், ஆனால் வேலை நடக்கவில்லை

"தளத்தின் தோற்றமும் வேகமும் உங்களுக்குத் திருப்தியா?" போன்ற இரட்டைக் கேள்வி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெட்டி இரண்டாக்குங்கள்.

இல்லையென்றால் விஷயம் கொஞ்சம் ஆழம். கண்ணுக்கு அழகான ஒன்று பயன்படுத்தவும் சுலபம் என்று மனசு தானாக முடிவு கட்டிவிடும். ஜப்பானில் குரோசுவும் காஷிமுராவும் 1995-இல் ஏ.டி.எம். திரை அமைப்புகளை வைத்து இதைக் காட்டினார்கள். கண்ணுக்கு அழகாகப்பட்டவையே சுலபமானவை என்றும் மதிப்பிடப்பட்டன. லிண்ட்கார்ட் குழுவினரின் 2006 ஆய்வில் 50 மில்லி விநாடி காட்டிய பக்கத்துக்கே தோற்றம் பற்றிய தீர்ப்பு பெரும்பாலும் நிலையாக அமைந்தது. அவ்வளவு நேரத்தில் யாரும் அறை வாடகையைப் படித்திருக்க முடியாது. எனவே தோற்றத்துக்குத் தனி அளவுகோல் வையுங்கள். மோஷாகனும் தீல்ஷும் 2010-இல் வெளியிட்ட 18 வாக்கிய அளவுகோல் எளிமை, பல்வகைமை, வண்ணம், நேர்த்தி என்று நான்காகப் பிரித்து அளக்கும். 4 வாக்கியச் சுருக்க வடிவமும் உண்டு. சுலபத்தை மேலே சொன்ன 7 புள்ளிக் கேள்வியால் அளந்து பாருங்கள். வரிசையும் முக்கியம்: முதலில் வேலையைச் செய்யச் சொல்லுங்கள், பிறகு சுலபம் பற்றிக் கேளுங்கள், அழகு கடைசியில்.

அறிகுறி: புதுத் தளம் போட்ட பிறகு மதிப்பெண் இறங்கிவிட்டது

டிசைனர் மேல் பாயும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள். முன்பு 20 பேரிடம் சஸ் 72, இப்போது வேறு 20 பேரிடம் 66 என்று வைப்போம். திட்டவிலக்கம், அதாவது பதில்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, 20 என்றால் ஒவ்வொரு சராசரிக்கும் இருபுறமும் 9 புள்ளிக்கு மேல் பிழை உண்டு. 6 புள்ளி இறக்கம் அதற்குள் மூழ்கிவிடும். இறங்கியது என்றே சொல்ல முடியாது.

இறக்கம் அதைவிடப் பெரிது என்றால் பழகியவர்களையும் புதியவர்களையும் பிரியுங்கள். மாதாமாதம் செக்கப்புக்கு வந்து, பழைய பக்கத்தில் பொத்தான் எங்கே என்று கை தானாகப் போகிற அளவுக்குப் பழகியவர், இடம் மாறியதும் எரிச்சல்படுவார். புதியவர்கள் மட்டும் நன்றாகப் போட்டு, பழகியவர்கள் இறக்கியிருந்தால் சில வாரம் பொறுத்து மறுபடி கேளுங்கள். இரண்டு பக்கமும் இறங்கியிருந்தால் பொறுக்க வேண்டாம். எந்த வேலையில் 7 புள்ளிக் கேள்வி சரிந்தது என்று பார்த்து அந்தத் திரையை மட்டும் பழையபடி ஆக்குங்கள். மறுபடி கேட்கும்போது கேள்வியின் சொல், அட்டை வைத்த இடம், ஃபார்மின் மொழி எதையும் மாற்றக் கூடாது. பழைய தளத்தின் ஒவ்வொரு திரைக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறீர்களா என்று இன்றே பார்த்துக்கொள்ளுங்கள். சர்வரிலிருந்து தூக்கிய பிறகு, எது மாறியது என்று ஓனரும் டிசைனரும் ஆளுக்கொன்று சொல்வார்கள்.